மாட்டைப் பின்னுக்கு நடத்திய பிளேட்டு

கிராமபோன் பெட்டியின் சாவியை இடம் வலம் மாற்றித் திருகிவிட்டால் பாட்டு பின்னால் போகும், அந்தப் பாட்டைக் கேட்கிற மாடும் பின்னால் போகும் என்று நான் நம்பியிருக்கிறேன். விவரம் தெரியாத வயதில் அல்ல. நாற்பத்தாறு வயதில், பதினெட்டு வருஷம் அந்தப் பெட்டியோடு குப்பை கொட்டிய பிறகு நம்பினேன். ரொம்ப நேரம் நம்பவில்லை. ஒரு பிளேட்டு ஓடி முடிகிற நேரம், மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அதற்குள் வேலை போய், மானம் போய், திருமழிசைக்காரர்கள் என்னைக் கட்டி வைத்து உதைத்து, என் வீட்டுக்காரி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது வரை எல்லாவற்றையும் மனசுக்குள் பார்த்துவிட்டேன். பயப்படுவதில் நான் வேகமான ஆள்.

இப்போது எங்கள் கடையில் மின்சார ஒலிபெருக்கி வந்துவிட்டது. அதை முதல் நாள் தொட்டேன். அது ‘கூ’ என்று ஊளையிட்டது. நான் பூந்தமல்லிக் கடைத்தெருவில் பாதி தூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். மறுநாள் முதலாளியிடம் போய், ‘நான் நின்றுகொள்கிறேன்’ என்றேன். அவரும், ‘அதுதான் பெட்டிக்கும் நல்லது’ என்றார். அப்படித்தான் ஓய்வு பெற்றேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் வழியில் பார்க்கிறபோதெல்லாம், “அண்ணாத்தே, அந்த மாட்டுக் கதைய சொல்லேன்” என்று பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அவமானப்படுவதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கடை பூந்தமல்லியில். பெட்டி விற்போம், பிளேட்டு விற்போம், கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்றால் பெட்டியோடு ஆளையும் அனுப்புவோம். அந்த ஆள் நான். வேலையைக் கற்றுக்கொண்டது ஒரே மாதத்தில். மீதி வருஷமெல்லாம் கற்றதை மறக்காமல் இருப்பதற்குச் செலவாயிற்று.

போன இடத்தில் முதலில் ஒரு கிண்ணத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, பெட்டி மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கத்துக் காலுக்குக் கீழே வெற்றிலையை மடித்துச் சொருக வேண்டும். கல்யாண வீட்டில் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை. சாவி நாற்பது திருகு, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. ஊசி ஒரு பாட்டுக்கு ஒன்று. பழைய ஊசியை வெளிச்சத்தில் காட்டினால் முனை சப்பையாக மினுங்கும், அதைத் திரும்பப் போட்டால் பிளேட்டை உழுதுவிடும். பிளேட்டை ஓரத்தில் பிடிக்க வேண்டும், பாட்டு இருக்கிற இடத்தில் விரல் படக்கூடாது, வெயிலில் ஒரு கணமும் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: கல்யாண வீட்டில் பாதிப் பாட்டில் ஊசியைத் தூக்கக் கூடாது. பாட்டு அறுந்தால் அபசகுனம் என்று பெண் வீட்டார் மூக்கைச் சிந்துவார்கள்.

இந்தச் சட்டங்களைப் போட்டவர் முதலாளி பலராமையா. மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டி, தோளில் ஒரு மல் துணி. அது அவர் முகம் துடைக்க அல்ல, பிளேட்டு துடைக்க. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்துவிட்டு ஒரு பொய்யோடு அவர் முன்னால் போய் நிற்போம். பொய்யைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “சரி. அப்புறம்?” என்பார். பொய் அங்கே தீர்ந்துபோயிருக்கும். வேறு வழியில்லாமல் கொஞ்சம் நிஜத்தைச் சொல்வோம். “அப்புறம்?” என்பார். நாலு ‘அப்புறம்’ தாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

இனி மாட்டுக் கதை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியில் ராணுவ முகாம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கூலிக்காரர்கள் ஏர், ஏற்றத்தை விட்டுவிட்டு அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். திருமழிசைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கல்யாணம். காலையில் கோயிலிலிருந்து பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை ஊர்வலம். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மணல் மூட்டை, மணல் மூட்டை மேல் பெட்டி. பின்னால் ஜமுக்காளத்தில் மாப்பிள்ளை. முன்னால் நான். பெட்டியின் ஊதுகுழல் சரியாக இரண்டு மாடுகளின் காதுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தது. அழகாக இருக்கிறது என்று நானேதான் அப்படித் திருப்பி வைத்தேன்.

மாப்பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கிற சமயம் வண்டியை விட்டு இறங்கி ஒரு டம்ளர் மோர் குடித்தேன். குடித்துவிட்டு வந்து பார்த்தால், ஊர்வலத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நல்ல பாட்டுப் பிளேட்டு வெயிலில் கிடந்து அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். பெண்ணின் மாமா என்னைப் பார்க்கிறார். கைக்குக் கிடைத்த பிளேட்டைப் பிளேட்டுப் பெட்டியிலிருந்து உருவிப் போட்டேன்.

அது எங்கள் பிளேட்டுப் பெட்டியின் அடியில் முட்டுக் கொடுக்க வைத்திருந்த பிளேட்டு. நல்ல பிளேட்டுகள் உடையாமலிருக்க மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விற்காத பிளேட்டை வைப்பது வழக்கம். நான் கடையில் சேர்வதற்கு முன்பே வந்து கிடந்த சரக்கு அது. அதில் என்ன இருக்கிறது என்று பதினெட்டு வருஷமாக நான் பார்த்ததில்லை.

ஊசி இறங்கியது. ஓர் ஆண் குரல். பக்கவாத்தியம் ஒன்றுமில்லை.

‘பள்ளத்துத் தண்ணியே மேட்டுக்கு வா,
பயிரு கூப்பிடுது பாலாட்டம் வா.’

மாடுகள் நடந்தன. அட, நன்றாகத்தான் இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓர் இருபது தப்படி போயிருக்கும். குரல் சட்டென்று இறங்கி ஒரு நீண்ட ராகம் இழுத்தது. மாடுகள் நின்றன. பிறகு, இரண்டும் ஒன்றாக, தலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பின்னால் நடக்க ஆரம்பித்தன.

வண்டிக்குப் பின்னால் வந்த தவில்காரர் தவிலோடு முள்வேலியைத் தாண்டினார். ஆரத்தித் தட்டு ஏந்திய பெண்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இருபது தப்படி பின்னால் வந்ததும் பாட்டு மறுபடி மேலே ஏறியது. மாடுகளும் மறுபடி முன்னால் நடந்தன. மறுபடி இறங்கியது. மறுபடி பின்னால்.

மாப்பிள்ளை வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாத்தே, வண்டி இன்னாத்துக்குப் பின்னால போவுது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல, ஒக்காரு,” என்றேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாவியை மாற்றித் திருகிவிட்டேன் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

பெண்ணின் மாமா வண்டியோடு முன்னும் பின்னும் நடந்துகொண்டே, “யோவ் பொட்டிக்காரரே, முகூர்த்தம் போய்கினு கீது. மாப்ளய ஊட்டுக்கே திருப்பி அனுப்பறியா?” என்றார்.

கூட்டத்தில் ஒரு பெண்மணி, “மாப்ளைக்கு மனசு மாறிப் போச்சு போலக் கீது,” என்றாள். சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

ஊசியைத் தூக்கியிருக்கலாமே என்பீர்கள். பாதிப் பாட்டில் தூக்கக் கூடாது. முகூர்த்தம் போனாலும் போகலாம், முதலாளியின் சட்டம் போகக் கூடாது என்று என் புத்தி சொன்னது. ஊசி துள்ளியிருந்தாலும் தப்பித்திருப்பேன். துள்ளவே இல்லை. மாடுகள் அவ்வளவு பதமாகப் பின்னால் நடந்தன.

இதற்கெல்லாம் நடுவில் ஒரே ஒருவன் சந்தோஷமாக இருந்தான். வண்டி ஓட்டிய கன்னியப்பன். கயிற்றைத் தொடையில் போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நீ பயந்துக்காத அண்ணாத்தே. இது கபிலைப் பாட்டு. இந்த மாடுங்க ரெண்டும் நாள் முழுக்கக் கெணத்தாண்ட இத்தத்தான் கேட்டுகினு கீதுங்க.”

கிணற்றுக்குப் பக்கத்தில் சரிவு வெட்டி, மாடுகளைச் சரிவில் இறக்கினால் வடம் இழுபட்டு, நிரம்பிய தோல்வாளி, அதாவது சால், மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் மாடுகளைப் பின்னாலேயே நடத்தி மேலே கொண்டுவந்தால் சால் கிணற்றில் இறங்கும். அதுதான் கபிலை. எப்போது இறங்க வேண்டும், எப்போது பின்னால் ஏற வேண்டும் என்பதை மாட்டுக்குச் சொல்வது பாட்டுத்தான். மாடுகள் தப்பே செய்யவில்லை. பின்னால் கிணறு இல்லாததுதான் குறை.

“இப்ப முடியும் பாரு,” என்றான் கன்னியப்பன். பாட்டு முடிந்தது. ஆனால் பிளேட்டு முடியவில்லை. பாட்டுக்குப் பிறகு யாரோ பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுவது போல ஒரு சின்னக் குரல், “செவல, நில்லுடா கண்ணு,” என்றது. மாடுகள் அசையாமல் நின்றன. கன்னியப்பன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

“இது யாரு கொரலு தெரியுமா?” என்றான். “எங்க மாமன். எத்திராசு மாமன். மெய்யாலுமே பாடிக் கீறாரு.”

முகூர்த்தம் தப்பவில்லை. என்னை யாரும் உதைக்கவும் இல்லை. கன்னியப்பன் சொன்னதைக் கேட்டு எல்லோரும் அதைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பந்தியில் அவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். இருபது வருஷத்துக்கு முன்னால் பட்டணத்திலிருந்து பிளேட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து, கபிலை ஓட்டிக்கொண்டிருந்த அவன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். ஒரு நாள் கழித்துத் திரும்பி வந்து, ‘பிளேட்டுல பாடிட்டு வந்தேன்’ என்றாராம். பிளேட்டு வரவேயில்லை. ஒருவரும் நம்பவில்லை. ‘பிளேட்டு எத்திராசு’ என்று பட்டம் கட்டி, இருபது வருஷமாகத் தெருவில் போனாலே யாராவது சாவி திருகுவது போல் கையைச் சுற்றிக் காட்டுவார்களாம். நடுவில் தொண்டையில் கட்டி வந்து குரலும் போயிற்று. பாடிக் காட்டியும் நிரூபிக்க முடியாது.

“அந்த பிளேட்ட அவருக்கு ஒரு தபா போட்டுக் காட்டணும் அண்ணாத்தே. தெரு ஜனத்தோட கூட்டியாறேன்,” என்றான். ‘வா’ என்றேன். மோர் குடித்த தைரியம்.

கடைக்குத் திரும்பினேன். முதலாளி மல் துணியால் ஒரு பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணம் நல்லா நடந்துச்சுங்க.”

“சரி. அப்புறம்?”

“ஒரு பிளேட்டு லேசா வளைஞ்சுட்டுது.”

“அப்புறம்?”

“வண்டி கொஞ்சம் பின்னால போச்சு.”

“அப்புறம்?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மோரைக்கூட விடவில்லை. அவர் கேட்டு முடித்து, “வரதா, அந்த எத்திராசு பிளேட்டு இருபத்துநாலும் சரியா கீதா பாரு,” என்றார். கிடங்கில் எண்ணிப் பார்த்தேன். இருபத்துநாலு.

“வெள்ளிக்கிழமை ஏஜெண்டு வரான்,” என்றார் அவர். “சண்டையால பிளேட்டு செய்ய அரக்கு கெடைக்கலையாம். பழைய பிளேட்டு ஒண்ணு குடுத்தாத்தான் புதுசு ஒண்ணு தருவானாம். உருக்கறதுக்கு இந்த இருபத்துநாலையும் தரேன்னு எழுதிட்டேன். இதோட அச்சையும் எப்பவோ ஒடச்சிட்டாங்க.”

அதாவது உலகத்தில் எத்திராசுவின் குரல் இருந்தது அந்த இருபத்துநாலு பிளேட்டில்தான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதுவும் இருக்காது. முதலாளியைக் குறை சொல்ல முடியாது. பெட்டி வைத்திருந்தவர்கள் கூலிக்காரன் பாட்டை வாங்கவில்லை. வாங்கியிருக்கக் கூடியவர்களிடம் பெட்டி இல்லை. புதுப் பிளேட்டு வராவிட்டால் கடை கிடையாது. கன்னியப்பனை வரச் சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. மூன்று ‘அப்புற’த்தோடு அவர் நிறுத்திவிட்டார், நான் தப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைத்தெருக் கோடியில் ஒரு பதினைந்து பேர் கூட்டமாக வந்தார்கள். உதைக்கத்தான் வருகிறார்கள் என்று கிடங்குக்குள் போய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்த பிறகுதான் கன்னியப்பனின் குரல் கேட்டது. தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“பாடினவரு வந்துகீறாருங்க,” என்றேன்.

எத்திராசு வாசற்படிக்குக் கீழே நின்றார். உயரமான ஆள், கழுத்தில் துண்டு. அவரைப் போன்றவர்கள் எங்கள் கடைக்குள் வருகிற வழக்கம் அன்று இல்லை. முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்து ஒரு முக்காலி மேல் வைத்தார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பிளேட்டை உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் துடைத்தார். புது ஊசி. நாற்பது திருகு. கோயில் குருக்கள்கூட அத்தனை நிதானமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

பாட்டு கிளம்பியது. கூட்டத்தில் வயதானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அவருதாம்பா,” என்றார் ஒருவர். இன்னொருவர், “எங்க கொல்லைல பாடினவராச்சே, எனக்குத் தெரியாதா,” என்றார். கன்னியப்பன் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எத்திராசு பாதிப் பாட்டில் தலையை ஆட்டினார். காற்றாகத்தான் பேச வரும் அவருக்கு. “இது நான் இல்ல,” என்றார்.

“இன்னா மாமா சொல்ற?”

“என் கொரலு இத்தவிடப் பெருசு. இது எவனோ. நான் இல்ல.”

பாடியவரே இல்லை என்கிறார், உள்ளே மீதி இருபத்துமூன்றும் கட்டி வைத்திருக்கிறது, ஏஜெண்டு எந்த நிமிஷமும் வந்து நிற்பான். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. வேறு எத்திராசு யாராவது இருக்கிறாரா என்று கூட்டத்தில் தேடினேன்.

பாட்டு முடிந்தது. “செவல, நில்லுடா கண்ணு,” என்றது பிளேட்டு.

எத்திராசு துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலாளி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்து, “அப்புறம்?” என்றார். எங்களிடம் கேட்கிற மாதிரி இல்லை அது.

எத்திராசு சொன்னார். நாங்கள் எல்லோரும் நெருங்கி நின்றால்தான் கேட்டது. பட்டணத்தில் ஒரு பெரிய வீட்டில் பாடச் சொன்னார்களாம். மாடு இல்லாமல் அவருக்குப் பாட்டு வரவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் மேசைக் காலில் ஒரு கயிற்றைக் கட்டிக் கையில் கொடுத்தாராம். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடினாராம். நேரம் முடிந்தது என்று தோளைத் தொட்டதும் கை தன்னால் கயிற்றை இழுத்தது, வாய் தன்னால், ஊரில் விட்டுவந்த செவலை மாட்டை நிறுத்தியது.

“மேசக் காலப் பாத்து நில்லுடான்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அத்த வெட்டி எறிஞ்சிருப்பாங்கன்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு, ஒருத்தராண்டயும் சொல்லல. நான் ஊட்டுக்கு வரச்சே செவல படுத்துட்டுது. பொழைக்கல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அத்த அப்பிடிக் கூப்புட்றது நான்தான். இது நான்தான்.”

முதலாளி தோளிலிருந்த மல் துணியை எடுத்து என்னிடம் கொடுத்தார். “கட்டி வெச்சத பிரி,” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது தலையில் ஒரு மூட்டை. அவர் மூட்டை சுமந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். வீட்டில் அவர் மட்டும் போட்டுக் கேட்பதற்கென்று வைத்திருந்த பிளேட்டுகள். ஏஜெண்டு வந்து எண்ணிப் பார்த்தான். இருபத்துநாலு சரியாக இருந்தது.

“நல்ல பிளேட்டா கீதே,” என்றான் ஏஜெண்டு.

“அரக்கு அரக்குதானே,” என்றார் முதலாளி.

கன்னியப்பனும் அவன் மாமாவும் தெரு ஆட்களும் அடுத்த வாரம் முகாம் வேலைக்கு ஆவடிக்குப் போனார்கள். போன நாலாம் நாள் சொல்லியனுப்பினான்: இங்கே டீக்கடையில் பெட்டி இருக்கிறது, மாமா பாட்டு வேண்டும். இரண்டு பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போனேன். மண் சுமந்து, செங்கல் சுமந்து, வேலை விட்டு வந்தவர்கள் டீக்கடை முன்னால் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் கிணற்றையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள். பாட்டு கிளம்பியதும் டம்ளர் சத்தம் நின்றது. ராகம் இறங்குகிற இடத்தில் ஒருவர் தன்னை அறியாமல் ஓரடி பின்னால் வைத்துப் பின்னாலிருந்தவர் காலை மிதித்தார். திட்டு விழுந்தது, அதற்குள் இன்னும் நாலு பேர் பின்னால் வந்துவிட்டார்கள். கன்னியப்பன் மாமாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, “பாடினது இவருதான்,” என்றான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். எத்திராசு உட்கார்ந்து டீ குடித்தார். அன்று யாரும் சாவி திருகிக் காட்டவில்லை.

இருபத்துநாலு பிளேட்டும் இரண்டே மாதத்தில் ஆவடி, திருநின்றவூர்ப் பக்கத்து டீக்கடைகளுக்குப் போய்விட்டன. ஊசி மாற்றச் சொல்லித் தலைதலையாக அடித்துக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை. ஒரே ஊசியில் நாள் முழுக்க ஓட்டினார்கள். ஒரு வருஷத்துக்குள் எல்லாம் தேய்ந்துவிட்டன. கடைசியாக மிஞ்சியதைப் பார்க்க ஆவடிக்குப் போயிருந்தேன். பிளேட்டு சுற்றிக்கொண்டிருந்தது. இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. அங்கே நின்றிருந்தவர்கள் முதல் அடியிலிருந்து கடைசி வரை பாட்டைத் தாங்களே பாடினார்கள். பெஞ்சில் எத்திராசு இருந்தார்.